கீர்த்திதாபென் சேர்த்த மரியாதை

குஜராத்தின் பாவ்நகரில் யாரையும் மொட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆணென்றால் பெயரோடு ஒரு ‘பாய்’, பெண்ணென்றால் ஒரு ‘பென்’ ஒட்டிக்கொள்ளும். அண்ணன், அக்கா என்கிற மாதிரி. காய்கறி வண்டி தள்ளுகிறவரும் பாய்தான், கலெக்டரும் பாய்தான். சண்டைக்கு வந்து வாசலில் நின்று கத்துகிறவன்கூட, “ஏ ஹிம்மத்பாய், திருட்டுப்பயலே, வெளிய வாய்யா” என்றுதான் கத்துவான். அதனால் கீர்த்திதா வசாவடா என்று வெறுமனே எழுத எனக்கும் கை கூசுகிறது. கீர்த்திதாபென் என்றே எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிப்பட்டை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதையே தேடுகிற அலுப்பு. தொழில் என்னவென்று கேட்டால் சொல்லி மாளாது. கணினியும் கைபேசியும் ஜனங்களிடம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் குஜராத்தியில் எழுதுகிறவர். இடது பக்கம் ஆங்கில வரி, வலது பக்கம் காலிக் கட்டம். கட்டத்தை நிரப்பினால் அடுத்த கட்டம். ‘சேமிக்கவும்’, ‘பின்னால் செல்லவும்’, ‘கடவுச்சொல் தவறு’. ஒரு வேலைக்கு இருநூறு வரி இருக்கும், நாலாயிரமும் இருக்கும். ‘கடவுச்சொல் தவறு’ என்பதை மட்டும் தன் வாழ்நாளில் முந்நூறு தடவை எழுதியிருப்பதாக அவர் சொல்வார். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது புதிதாக வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் ஊரின் காளாநாளா பகுதியில் ஒரு அச்சகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனார். அச்சகத்துக்குக் கணினி வந்தபோது அதில் முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான். அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்ததை வேறொரு கணினியில் திறந்தால் குஜராத்தி காணாமல் போய், ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக நிற்கும். ஒரு கல்யாணப் பத்திரிகை அப்படியே அச்சாகி, ஐந்நூறு பிரதி கட்டிப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ வெளிநாட்டு மோஸ்தர் என்று நினைத்துப் பாதியை விநியோகித்தும் விட்டார்கள். பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து வந்தது. ஐந்து ஊர்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மின்னஞ்சலில் கூடி, காசு வாங்காமல், கணினிக்குக் குஜராத்தி சொல்லிக்கொடுக்கிறோம் என்று கிளம்பினார்கள். மவுஸுக்குக் குஜராத்தியில் என்ன பெயர் என்று நாற்பத்தொரு கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். கடைசியில் மவுஸ் மவுஸாகவே இருந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் அமெரிக்கா போனார்கள், மீதிப்பேர் அலுத்துப் போனார்கள். கீர்த்திதாபென் மட்டும் அலுத்துப் போய்க்கொண்டே தொடர்ந்தார்.

தொடர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு வங்கியின் பணம் எடுக்கும் கூண்டில் முதல்முதலாகக் குஜராத்தி வந்தது. கீர்த்திதாபென் வரிசையில் இரண்டாவது. முன்னால் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட கதர். அவர் திரையைப் படித்தார். ‘அட்டையை நுழை. உன் ரகசிய எண்ணை அடி.’ மனிதர் திரும்பி கீர்த்திதாபென்னைப் பார்த்தார்.

“ஏன் பென், இந்தப் பெட்டி என்னை ‘நீ’ன்னா சொல்லுது?”

“ஆமா மாஸ்டர். எவனோ தெரியாம எழுதிட்டான்.”

“எழுபத்து ரெண்டு வயசு எனக்கு. கலெக்டரே எந்திரிச்சு நிப்பார்.” அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். பணம் எடுக்கவே இல்லை.

அன்றைக்கு கீர்த்திதாபென் மனதுக்குள் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். தன் கை வழியாகப் போகிற எந்தப் பெட்டியும் யாரையும் ‘நீ’ என்று சொல்லக் கூடாது. சபதம் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பெயர் அதுதான்.

அவர் கணவர் ஷிரீஷ்பாய் துறைமுக ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். டீ தானே போட்டுக்கொள்வார், காந்தியா என்கிற கடலைமாவுப் பலகாரமும் வறுத்த மிளகாயும் தானே வாங்கி வருவார், கூடவே வாயையும் கொண்டு வருவார்.

“பதினாறு வருஷமா அந்தப் பெட்டிகிட்ட மரியாதையாப் பேசிட்டிருக்க. அது ஒரு நாளாவது உன்னைப் பாத்து, சாப்பிட்டியான்னு கேட்டிருக்கா?”

“நீங்க மட்டும் கேட்டுட்டீங்களாக்கும்.”

“கேக்க வந்தா, ‘இந்த ஒரு வரியை முடிச்சுட்டு வரேன்’ங்கற. அந்த ஒரு வரி இன்னும் முடியல.”

இந்த வருடம் பிப்ரவரியில் ஊரின் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு வேலை வந்தது. கண்புரை அறுவைக்குத் தேதி வாங்க, கிராமத்து ஜனங்கள் விடியற்காலை பஸ் பிடித்து வந்து நாளெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். கைபேசியிலேயே பெயர் பதிந்தால் தேதி வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு இணையப் பக்கம் செய்யலாம், அதுவும் குஜராத்தியில் என்று அறங்காவலர் அனந்தராய் பரேக் ஒப்புக்கொண்டார். கண் டாக்டருக்கு அதில் விருப்பமில்லை. “இங்கிலீஷ் போதும், கூட வர்ற பிள்ளைங்க படிச்சுச் சொல்லும்” என்பது அவர் கட்சி. வேலையை எடுத்தவன் பார்த்திவ் தோலகியா, முப்பத்தொரு வயது, வாகாவாடி ரோட்டில் ஒரு மாடியில் நாலு நாற்காலி போட்டு கம்பெனி நடத்துகிறவன். கணினி நிரல் எழுதியவள் ஹேதல், சிஹோரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பெண்; அப்பா வைரம் பட்டை தீட்டுகிறவர், இவளுக்கு இதுதான் முதல் வேலை. குஜராத்தி முழுக்க கீர்த்திதாபென்.

இருநூற்றுப் பன்னிரண்டு வரி. பத்து நாளில் முடித்துக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை.

“பேர் சொல்ற இடத்துல எல்லாம் பாய், பென் சேந்து வரணும். மொட்டையா வரக்கூடாது.”

“சேத்துடலாம் பென்” என்றான் பார்த்திவ். “ஹேதல், குறிச்சுக்க.”

ஹேதல் தலையைச் சொறிந்தாள். “திரையில காட்டறப்ப மட்டும் சேத்தாப் போதுமா பென்? உள்ள அவங்க அடிச்ச பேரை அப்படியே வச்சுக்கிட்டு…”

“அப்ப ஆஸ்பத்திரி ஹால்ல கூப்பிடறப்ப? கூப்பிடற ஆளு திரையைப் பாத்து ‘ஏ ஜீவி, ஏ காளு’ன்னு கத்துவான். எங்க அம்மா வயசு ஜனங்கம்மா அவங்க. நீ உள்ளயே சேத்து வச்சிடு.”

பெரியவர் சொல்கிறார், எத்தனையோ வேலை செய்தவர். ஹேதல் உள்ளேயே சேர்த்து வைத்தாள். ஆணென்று தொட்டால் பெயரோடு பாய், பெண்ணென்று தொட்டால் பென், ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேர்க்காது. கீர்த்திதாபென் தன் பெயரைப் பதிந்து பார்த்தார், ஷிரீஷ்பாய் பெயரையும் பதிந்து பார்த்தார். இரண்டுக்கும் மறுநாளே தேதி வந்தது. “எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று ஷிரீஷ்பாய் அலறினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பக்கத்தைத் திறந்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில், பக்கம் திறந்து இரண்டு மாதம் கழித்து, ஜனங்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி பார்த்திவ் கீர்த்திதாபென்னை ஆஸ்பத்திரி ஹாலில் ஒருநாள் உட்காரவைத்தான். மின்விசிறி இருந்தது, காற்று இல்லை. ஜோருபா (அவர் இனத்தாருக்கு ‘பாய்’ இல்லை, ‘பா’தான்) என்று மீசைக்கார ஊழியர் ஒருவர் திரையைப் பார்த்துப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கீர்த்திதாபென் பக்கத்தில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தார். கறுப்புச் சேலை, கையில் குத்திய பச்சை, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. பெயர் ரளியாத். தளாஜாவுக்கு அப்பால் ஒரு கிராமம். கூட மருமகள் லாபு.

லாபு கவுண்டரில் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினாள். “நாப்பது நாளா இதே பதில்தான். தேதி வரும், தேதி வரும். எங்க பின்னால பதிஞ்சவங்களுக்கெல்லாம் ஆபரேசனே முடிஞ்சு போச்சு.”

“நான் பாக்கட்டுமா?” என்று கீர்த்திதாபென் கைபேசியை வாங்கினார். தன் கையால் எழுதிய வரி அங்கே அழகாக நின்றது. ‘ரளியாத்பென், தங்கள் பதிவு கிடைத்தது. தேதி விரைவில் தெரிவிக்கப்படும். வணக்கம்.’

“வாசிச்சுக் காட்டும்மா” என்றார் கிழவி. கீர்த்திதாபென் வாசித்தார்.

“தினம் இதைத்தான் இவ வாசிக்கிறா. பென்னாம், தங்களாம், வணக்கமாம். வாங்க வாங்கன்னு கூப்பிட்டு வாசல்லயே நிக்க வச்சா அது என்ன மரியாதை? கழுதைன்னு கூப்பிட்டுட்டு ஒரு தேதியக் குடுத்திருந்தா நான் பாட்டுக்குக் கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்.”

பக்கத்து பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்திதாபென்னும் சிரிக்கப் பார்த்தார். “உங்க இலவச சிகிச்சை அட்டை இருக்கா, பாக்கலாம்.”

லாபு முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்தாள். பரையா ரளியாத் நாரண். அவ்வளவுதான். அதில் பென் இல்லை.

கீர்த்திதாபென் அட்டையையும் கைபேசியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எங்கள் ஊர் அட்டைகள் எழுதிய குமாஸ்தாவின் மனசைப் பொறுத்தவை. ஒருவர் பாய், பென் சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் மொட்டையாக விட்டிருப்பார். ஒரே வீட்டில் அண்ணன் பாயாக இருப்பான், தம்பி வெறும் ஆளாக இருப்பான். இலவச அறுவைக்குப் பதிவில் உள்ள பெயரும் அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மொட்டைப் பெயர்க்காரர்கள் அட்டையைப் பார்த்துச் சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். அதற்குமேல் மரியாதையைச் சேர்த்து, பொருந்தாமல் செய்தது இவர். இவர் அட்டையில் கீர்த்திதாபென் என்றும் கணவர் அட்டையில் ஷிரீஷ்பாய் என்றும் இருந்ததால் சோதித்த அன்று ஒன்றும் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து வாகாவாடி ரோட்டுக்குப் போனார். ஹேதல் திறந்து காட்டினாள். பொருந்தாத பெயர்களை எல்லாம் கணினி ‘சரிபார்க்க வேண்டியவை’ என்று ஒரு தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்திருந்தது. சரிபார்க்க ஆஸ்பத்திரியில் யாரையும் நியமிக்கவில்லை. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. முந்நூற்றுப் பதினேழு பேர். எல்லோர் பெயருக்கும் பின்னால் பாய், அல்லது பென்.

“ஜீவிபென், காளுபாய், வாலிபென், ரளியாத்பென்…” கீர்த்திதாபென் வாய்க்குள் வாசித்துக்கொண்டே போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு திரை முழுக்க உட்கார்ந்திருந்தது.

“நான் அன்னிக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் பென்” என்றாள் ஹேதல். அவள் கண் கலங்கியிருந்தது. குற்றம் செய்தவர் பக்கத்திலேயே நிற்க, மன்னிப்பு கேட்கிற சாதி அது.

லாபு போட்ட சத்தம் அறங்காவலர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் நாலு மணிக்கு எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு. அடுத்த நாள் மத்தியானம் கீர்த்திதாபென் தட்டில் கிச்சடியைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது பார்த்திவ் போன் செய்தான்.

“பென், அங்க நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நிரல்ல தப்பு, எழுதின பொண்ணோட அஜாக்கிரதை, அவளை அனுப்பிட்டேன்னு சொல்லிடறேன்.”

“அவ என்ன தப்பு பண்ணினா? சேக்கச் சொன்னது நான்.”

“அது எனக்குத் தெரியும். அங்க சொன்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. குஜராத்தியால வந்த வினைன்னு டாக்டர் பிடிச்சுக்குவார். பக்கத்தையே மூடிடுவாங்க. இதைப் பாத்துட்டு இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி கேக்கறதா இருந்தாங்க, அதுவும் போச்சு. ஹேதல் சின்னப் பொண்ணு, சூரத்துல நாளைக்கே வேலை கிடைக்கும். உங்க குஜராத்தி ஒரு தடவை போச்சுன்னா இந்த ஊர்ல மறுபடி வராது பென்.”

அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் சங்கடம். கீர்த்திதாபென் போனை வைத்துவிட்டுக் கிச்சடியைப் பார்த்தார். ஒரு பக்கம் பதினாறு வருடம். இன்னொரு பக்கம் சிஹோர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற ஒரு பெண், நேற்று தன்னிடமே மன்னிப்பு கேட்டவள். வாயைத் திறந்தால் ஒன்று போகும், திறக்காவிட்டால் இன்னொன்று போகும்.

ஷிரீஷ்பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். இந்தத் தடவை கேலி இல்லை. “உனக்கு என்ன தோணுது?”

“தூக்கம் வருது” என்றார் கீர்த்திதாபென். நிஜமாகவே அதுதான் தோன்றியது. ஒரு வருடம் தொடர்ந்து தூங்கினால் தேவலை என்று இருந்தது.

நாலு மணிக்கு அனந்தராய் பரேக்கின் அறையில் டீ வந்தது. எழுபது வயதுக்காரர், டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பவர். பக்கத்தில் கண் டாக்டர். பார்த்திவ் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தான். நிரலில் கவனக்குறைவு, புதிய பெண், இன்றோடு நிறுத்தியாகிவிட்டது. ஹேதல் சுவரை ஒட்டி நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். கீர்த்திதாபென் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பயந்தாற்போல.

அதுதான் கீர்த்திதாபென்னால் தாங்க முடியாமல் போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இனி எந்த வரியை மரியாதையாக எழுதுவது?

“அனந்த்பாய், அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்கல.”

பார்த்திவ் கண்ணை மூடிக்கொண்டான்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பாய், பென் சேர்த்தது, ஹாலில் கூப்பிடுவதற்காக உள்ளேயே வைக்கச் சொன்னது, தன் அட்டையை மட்டும் வைத்துச் சோதித்தது. தலைமை ஆசிரியர் கதையைச் சொல்லவில்லை. அது சாக்குச் சொல்வதாக ஆகும்.

“பாத்தீங்களா” என்றார் டாக்டர். “நான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ்ல இருந்திருந்தா இந்த வம்பே இல்லை. முந்நூறு பேர் கண்ணு ரெண்டு மாசமா நிக்குது. மூடிடுங்க சேட்.”

அனந்தராய் சாசரைக் கீழே வைத்தார். “என் அட்டையில என்ன இருக்குன்னு யோசிச்சுட்டிருந்தேன். அனந்தராய்னு இருக்கா, அனந்த்பாய்னு இருக்கா, எனக்கே ஞாபகமில்லை.” பிறகு கீர்த்திதாபென்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை, அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. “பென், நீங்க படிச்சவங்க. மரியாதை குடுக்கறேன்னு ஜனங்களக் குருடா உக்கார வச்சிட்டீங்களே.”

கீர்த்திதாபென் தலையை ஆட்ட, அனந்தராய் சாசரை மறுபடி எடுத்தார்.

“பத்து நாள். முந்நூத்திப் பதினேழு பேரையும் கூப்பிட்டு, அட்டையப் பாத்துப் பேரைச் சரி பண்ணி, தேதி குடுத்திருக்கணும். முடிஞ்சா குஜராத்தி இருக்கட்டும். ஒரு ஆளு விட்டுப்போனாலும் டாக்டர் சொல்றபடி மூடிடலாம். அந்தப் பாய், பென் வேலை எல்லாத்தையும் எடுத்துடுங்க. பொண்ணு வேலையில இருக்கட்டும், அவ இல்லாம இதை யார் செய்யறது?”

கணினியே மொத்தமாக பாய், பென்னை நீக்கிவிடாதா என்று பார்த்திவ் கேட்டான். முடியாது என்றாள் ஹேதல். அந்த முந்நூற்றுப் பதினேழில் ஆண், பெண் தப்பாகத் தொட்டவர்கள் உண்டு, அட்டையில் பாய் இருந்து வேறேதோ பொருந்தாமல் விழுந்தவர்கள் உண்டு. குருட்டாம்போக்கில் வெட்டினால் இன்னொரு பட்டியல் உண்டாகும். ஒவ்வொரு அட்டையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இரண்டு போன், இரண்டு பேர், பத்து நாள். ஊரில் நாற்பத்து மூன்று டிகிரி. கிராமத்தில் பகலில் போனை எடுக்கமாட்டார்கள், கம்பு ரொட்டி தட்டுகிற நேரத்தில் எடுத்தால் தட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

“காளுபாய், உங்க அட்டையில பேர் எப்படி இருக்கு, அப்படியே வாசிங்க.”

“காளுபாய்னு நீயே சொல்றியே, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கற?”

“அட்டையில பாய்னு போட்டிருக்கா?”

“ஏன், போடலன்னா நான் என்ன அக்காவா?”

இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள் எடுத்தார். வீட்டுக்காரருக்குத்தான் கண்புரை.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு?”

“அவர் பேரை நான் எப்படிம்மா வாயால சொல்றது? எங்க பெரியவனோட அப்பா.”

“அட்டையப் பாத்து எழுத்தெழுத்தாச் சொல்லுங்களேன்.”

“எழுத்தெழுத்தாச் சொன்னாலும் அவர் பேருதானேம்மா வருது.” கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வந்து அவளைச் சொல்லவைத்தார்.

சிலர் திட்டினார்கள். ஒருவர் அழுதார். இரண்டு பேர் தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கி அறுவை முடித்திருந்தார்கள். வாலிபென் என்று ஒருவர் பட்டியலில் இருந்தார். மகன் எடுத்து, அம்மா போன மாதம் கிணற்று மேட்டில் கால் இடறி விழுந்து படுத்த படுக்கை, இப்போது கண்ணைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். கண் தெரிந்திருந்தால் விழுந்திருப்பாரா என்று யார் சொல்ல முடியும். கீர்த்திதாபென் அன்றைக்கு அதற்குமேல் போனைத் தொடவில்லை. மறுநாள் அந்த மகனை மறுபடி கூப்பிட்டு, படுக்கையோடு வந்தாலும் பார்ப்பார்கள் என்று சொல்லி, டாக்டரிடம் தேதி வாங்கிக் கொடுத்தார். டாக்டர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாலும் தேதியைக் கொடுத்தார்.

அட்டையில் இல்லாத பாயையும் பென்னையும் ஒவ்வொன்றாகக் கீர்த்திதாபென் தன் கையாலேயே நீக்கினார். ஹேதல் நான் செய்கிறேன் என்றாள், விடவில்லை. ஜீவிபென் ஜீவியானார், காளுபாய் காளுவானார். பெரியவர்கள் தலையிலிருந்து தலைப்பாகையை ஒவ்வொன்றாக எடுக்கிறாற்போல இருந்தது. ஆறாம் நாள் மணிக்கட்டு வீங்கி, இடது கையால் அழித்தார். பத்தாம் நாள் சாயங்காலம் பட்டியல் காலியானது. திரையில் ‘சரிபார்க்க வேண்டியவை ஏதும் இல்லை’ என்று வந்தது. அதுவும் அவர் எழுதிய வரிதான். இதுவரை யாரும் பார்த்திராத வரி.

அனந்தராய் சொன்ன சொல் மாறவில்லை. குஜராத்திப் பக்கம் இருந்தது. பெயர் வருகிற இடத்திலெல்லாம் வெறும் பெயர் வந்தது. சேர்க்கிற விதியை ஹேதல் நிரலிலிருந்து எடுக்கும்போது கீர்த்திதாபென் பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்று வரிதான் இருந்தது. அழிக்க ஒரு நொடி ஆனது.

அதற்கடுத்த வியாழக்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒருவர் விட்டுப்போனாலும் தெரியட்டும் என்று. ஹால் நிறைந்திருந்தது. கீர்த்திதாபென் திரையைப் பார்க்கிற மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வரப்போகிறதைக் கேட்க மனதைத் திடப்படுத்திக்கொண்டார். திரையில் முதல் பெயர்: காளு மக்வாணா.

ஜோருபா மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “காளுபாய் மக்வாணா, வாங்க!”

அடுத்தது ஜீவி சோலங்கி. “ஜீவிபென்! ஜீவிபென் எங்க?”

கீர்த்திதாபென் எழுந்து மேசைக்குப் போனார். “ஜோருபா, திரையில ஜீவின்னுதானே இருக்கு?”

“ஆமா.”

“நீங்க ஜீவிபென்னு கூப்பிட்டீங்க.”

ஜோருபாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “பின்ன? வயசான அம்மாவ மொட்டையாவா கூப்பிடுவாங்க? எங்க அம்மா கேட்டா செருப்பெடுத்து அடிக்காது?”

“முன்னாடி ரெண்டு மாசம் திரையிலயே பென், பாய் எல்லாம் வந்துதே. இப்ப எடுத்தாச்சு.”

“அப்படியா?” ஜோருபா திரையை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். “வந்துதா? நான் கவனிக்கல பென்.”

கீர்த்திதாபென் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்புதான் முதலில் வந்தது. தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. எதற்காக முந்நூற்றுப் பதினேழு பேரை இருட்டில் உட்காரவைத்தாரோ, அதை இந்த மனிதர் கேட்காமலே, சம்பளமில்லாமலே, நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார். கவனிக்கவே இல்லையாம்.

“என்ன பென்?” என்றாள் ஹேதல்.

“ஒண்ணுமில்லம்மா. ரொம்ப அசதியா இருக்கு.”

“ரளியாத்பென் பரையா!” என்று ஜோருபா கூப்பிட்டார்.

கிழவி லாபுவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெஞ்சைக் கடக்கும்போது, ‘பாத்துப் போங்க’ என்று கீர்த்திதாபென் சொன்ன குரலைக் கேட்டு நின்றார். கையை நீட்டித் துழாவி, அவருடைய கையைப் பிடித்தார். பட்டை கட்டிய மணிக்கட்டு வலித்தது, கீர்த்திதாபென் இழுத்துக்கொள்ளவில்லை.

“நீதானே போன்ல மூணு தடவ என் பேரைக் கேட்டவ?”

“ஆமாம்மா. நான்தான்.”

“குரலே உள்ள போயிருக்கு. சாப்பிட்டியா நீ?”

மணி இரண்டரை ஆகியிருந்தது. “இன்னும் இல்லம்மா” என்றார் கீர்த்திதாபென்.